காபியைக் கூட்டுவதா, குறைப்பதா, விட்டுவிடுவதா? மறதி நோயை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்து, அதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்களுக்கு ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு பயம் வரும். வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட ‘நமக்கும் ஆரம்பித்துவிட்டதோ’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ‘தினமும் காபி குடித்தால் மறதி நோய் வராது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் யாருக்கும் பிடித்துப்போகத்தான் செய்யும். கொஞ்ச நாளில் ‘காபி மூளையைச் சுருக்கும்’ என்று இன்னொன்று வரும். இரண்டுக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அதனால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் குழம்பிப்போகிறோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வந்த தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இவ்வளவு பேர் வீட்டில் இருக்கிற ஒரு கவலையை ஒருவரித் தலைப்புச் செய்திகளிடம் விட்டுவிட எனக்கு மனசில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே காபி குடிப்பவர் மறதி நோய்க்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. குடிக்காதவர் அதற்காக ஆரம்பிக்கவும் வேண்டியதில்லை. எத்தனை டம்ளர் என்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு டம்ளரிலும் எவ்வளவு சர்க்கரை போடுகிறோம், கடைசி டம்ளரை எத்தனை மணிக்குக் குடிக்கிறோம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, நம் முன்னால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, கூட்டுவது. இதற்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படுவது பின்லாந்து ஆய்வு. உலகத்திலேயே ஆள் ஒருவருக்கு அதிகமாகக் காபி குடிக்கிற நாடுகளில் பின்லாந்து முன்னணியில் இருக்கிறது. அங்கே குவோப்பியோ, யோயன்சூ என்ற இரண்டு ஊர்ப் பகுதிகளில் நடு வயதில் இருந்தவர்களின் பழக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, சராசரியாக 21 ஆண்டுகள் கழித்து, அவர்கள் 65 முதல் 79 வயதுக்குள் இருக்கும்போது மறுபடியும் பரிசோதித்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. நடு வயதில் நாளுக்கு 3 முதல் 5 கப் குடித்தவர்களுக்கு, மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட டிமென்ஷியா வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவு. இந்த 65 என்ற எண்தான் பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 1,409 பேர், அதில் டிமென்ஷியா வந்தவர்கள் 61 பேர்தான். 61 பேரைக் குடித்த அளவுப்படி பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிய சதவீதம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிட நம்பகமானது 2026 பிப்ரவரியில் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. செவிலியர்களையும் மற்ற மருத்துவத் துறையினரையும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிற இரண்டு பெரிய குழுக்களின் தகவல் அது. 1,31,821 பேர், அதிகபட்சம் 43 ஆண்டுகள், 11,033 டிமென்ஷியா நோயாளிகள். காஃபீன் உள்ள காபியை அதிகம் குடித்த பிரிவினருக்கு மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட ஆபத்து 18 சதவீதம் குறைவாக இருந்தது. 65 எங்கே, 18 எங்கே! எண்ணிக்கை பெருகப் பெருக, காலம் நீள நீள, பலன் சின்னதாகிவிட்டதைக் கவனியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்விலேயே பலன் தெளிவாகத் தெரிந்தது நாளுக்கு 2 முதல் 3 கப் காபி, அல்லது 1 முதல் 2 கப் தேநீர் என்ற அளவில்தான். அதற்கு மேல் குடித்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

மேலே மேலே கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு, லட்சக்கணக்கான பேரின் உடல்நலத் தகவலைச் சேர்த்து வைத்திருக்கிற பிரிட்டனின் பயோபேங்க் தகவலை வைத்துத் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் ஒரு பதில் சொன்னார்கள். 3,98,646 பேரில், நாளுக்கு 6 கப்புக்கு மேல் குடித்தவர்களுக்கு 1, 2 கப் குடித்தவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு 53 சதவீதம் அதிகம். ஸ்கேன் எடுத்த 17,702 பேரில், அதிகம் குடிப்பவர்களின் மூளை அளவும் கொஞ்சம் குறைவாக இருந்தது. ‘காபி மூளையைச் சுருக்கும்’ என்ற செய்தி இங்கிருந்து வந்ததுதான். அதே ஆண்டு, அதே பயோபேங்க் தகவலை எடுத்துச் சீனாவின் தியான்ஜின் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் வேறு விதமாகக் கேள்வி கேட்டார்கள். காபி 2, 3 கப்பும் தேநீர் 2, 3 கப்பும் சேர்த்துக் குடிக்கிறவர்களுக்கு, இரண்டையுமே தொடாதவர்களைவிட டிமென்ஷியா 28 சதவீதம் குறைவு என்று வந்தது. இரண்டு செய்திகளும் எதிரெதிராகத் தெரிந்தாலும் உண்மையில் மோதிக்கொள்ளவில்லை. ஒன்று மிக அதிகமாகக் குடிப்பவர்களைப் பற்றியது, மற்றது அளவாகக் குடிப்பவர்களைப் பற்றியது. ஆக, கூட்டுவது என்ற வழியை நான் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன்.

இங்கே ஒரு கேள்வி வரும், அதைத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் சொல்கிற கப் எது, நம்முடைய டம்ளர் எது? அமெரிக்காவில் ஒரு கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி, பெரும்பாலும் பால் கொஞ்சமாகச் சேர்த்தது அல்லது சேர்க்காதது. நம் வீட்டு டபரா டம்ளரில் பாதிக்கு மேல் பால், மிச்சம்தான் டிகாக்‌ஷன். அதுவும் முதல் டிகாக்‌ஷனா, இரண்டாவது தண்ணீர் ஊற்றி இறக்கியதா என்பதைப் பொறுத்து எவ்வளவோ மாறும். தூளில் சிக்கரி வேறு இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் கிடையாது. கலவைத் தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி, அப்படியென்றால் மீதி 49 சதவீதம் வரை சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டின் மேல் விகிதம் போட்டிருக்கும், இதுவரை பார்த்ததில்லை என்றால் இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, ஒரு வேளை தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், நாளுக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று சொல்கிறது. பால் நிறைய ஊற்றி, 60க்கு 40 தூளில் போட்ட நம் டம்ளர் மூன்றைக் குடித்தாலும் இந்த எல்லையைத் தாண்டுவது கஷ்டம். அதனால் ‘ஐயோ, மூன்று டம்ளர் குடிக்கிறேனே’ என்று யாரும் பதற வேண்டாம்.

இரண்டாவது வழி, அடியோடு விட்டுவிடுவது. பி.பி. இருக்கிறது என்றதும் வீட்டில் பெரியவர்களுக்கு முதலில் வெட்டப்படுவது காபிதான். எழுபது வருடம் காலையில் காபி குடித்துப் பழகிய ஒருவரிடமிருந்து அதைப் பிடுங்குவதற்கு வலுவான காரணம் வேண்டும். மறதி நோயைத் தடுக்க என்று சொல்வதானால், அதற்கு ஆதாரமே இல்லை. அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட மோசமாக இருந்ததாக மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. ரத்த அழுத்தத்துக்காக என்றால், அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் 18,609 பேரைத் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியான ஆய்வில், 160க்கு 100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் நாளுக்கு இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தபோது இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. ஒரு கப்பில் அப்படி இல்லை. அழுத்தம் அவ்வளவு உயரத்தில் இல்லாதவர்களுக்கும் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. எனவே அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருப்பவர் மருத்துவரிடம் பேசி ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளட்டும். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவரின் காலைக் காபியில் கை வைக்காதீர்கள்.

காபி குடிக்காதவர்கள் ஆரம்பிக்கலாமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. இங்கேதான் ஆய்வுகளின் பலவீனத்தைப் பேச வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் மக்கள் தாங்களாகவே எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்தது. ‘நீங்கள் இருபது வருடம் காபி குடியுங்கள், நீங்கள் குடிக்காதீர்கள்’ என்று பிரித்து வைத்துப் பார்த்ததில்லை, பார்ப்பதும் நடக்கிற காரியமில்லை. காபி குடிக்காதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் வயிற்றுப்புண்ணால் விட்டவர்கள், சிலர் படபடப்பால், சிலர் தூக்கம் வராமல், சிலர் இதயக் கோளாறு என்று மருத்துவர் சொன்னதால் விட்டவர்கள். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் ‘குடிக்காதவர்’ பட்டியலில் போய்ச் சேர்ந்துவிட்டால், குடிப்பவர்கள் தானாகவே ஆரோக்கியமாகத் தெரிவார்கள். டிமென்ஷியா வேறு அறிகுறி தெரிவதற்குப் பத்து, இருபது வருடத்துக்கு முன்பே மூளையில் வேலையைத் தொடங்கிவிடுகிற நோய். தூக்கமும் பழக்கங்களும் அப்போதே மாற ஆரம்பிக்கலாம். இதையெல்லாம் கணக்கில் கழிக்க ஆய்வாளர்கள் முயற்சி செய்கிறார்கள், முழுவதும் கழித்துவிட முடியாது. பிறவியிலேயே அதிகம் காபி குடிக்க வைக்கிற மரபணு மாற்றங்கள் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும், காபியால் அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) குறைகிறது என்பதை உறுதி செய்யவில்லை. காஃபீன் மூளையில் அடினோசின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது, அதனால் மூளை செல்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்தான். அதை மட்டும் நம்பி, பிடிக்காத ஒன்றைக் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். சர்க்கரை.

பயோபேங்கில் இருந்த 2,04,847 பேரின் காபியைச் சர்க்கரை போடாதது, சர்க்கரை போட்டது, செயற்கை இனிப்பு போட்டது என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. சர்க்கரை போடாமல் நாளுக்கு மூன்று கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு அல்சைமரும் அது சார்ந்த மறதி நோய்களும் வரும் ஆபத்து ஏறக்குறைய கால்பங்கு குறைவாக இருந்தது. சர்க்கரை போட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ‘சுகர் ஃப்ரீ’ வகை இனிப்பு போட்டவர்களுக்கும் தெரியவில்லை. இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், மேலே சொன்ன பலவீனங்கள் எல்லாம் இதற்கும் உண்டு. இருந்தாலும் நம் ஊருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே காபி என்றாலே சர்க்கரை போட்ட காபிதான். கடையில் ‘சர்க்கரை இல்லாமல்’ என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

கணக்கு எளிது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால், நான்கு டம்ளருக்கு எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு நான்கு கிராம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 32 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற மொத்தச் சர்க்கரையும் காபியிலேயே தீர்ந்து, மேலேயும் போய்விட்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. நடு வயதில் வரும் நீரிழிவு டிமென்ஷியாவுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. மூளைக்கு நல்லது என்று நினைத்துக் காபியைக் கூட்டி, அதோடு சர்க்கரையையும் கூட்டினால், உறுதியில்லாத ஒரு லாபத்துக்காக உறுதியான ஒரு நஷ்டத்தை வாங்கிக்கொள்கிறோம். கருப்பட்டிக் காபி குடிக்கிறேனே, நாட்டுச் சர்க்கரைதானே போடுகிறேன் என்று கேட்பார்கள். ருசி வேறு, மணம் வேறு, தெற்கத்திப் பக்கம் கருப்பட்டிக் காபிக்கு ஈடே கிடையாது என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் உடம்பு அதையும் சர்க்கரையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டை ஒன்றரையாக, ஒன்றாக, அரையாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். தூளில் சிக்கரி கம்மியாகவும், கொட்டை நல்லதாகவும், டிகாக்‌ஷன் புதிதாகவும் இருந்தால் சர்க்கரை இல்லாமலே பாலின் இனிப்பு தெரியும். பழைய டிகாக்‌ஷனைச் சூடு பண்ணிக் குடிக்கிறவர்களுக்குத்தான் கசப்பை மறைக்கச் சர்க்கரை நிறைய வேண்டியிருக்கிறது.

அடுத்தது நேரம். காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தால்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் மாலைக் காபியில் அவ்வளவு காஃபீன் இருக்காது, ஆனாலும் வயதாக ஆகத் தூக்கம் மெலிந்துகொண்டே வருகிறவர்களுக்குக் கொஞ்சமே போதும். லண்டனில் 7,959 அரசு ஊழியர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு 30 சதவீதம் அதிகமாக இருந்தது. காபியால் 18 சதவீதம் குறைகிறது என்று நம்பிச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு டம்ளர் குடித்து, ராத்திரி ஒரு மணி வரை புரண்டுகொண்டிருந்தால் அதில் என்ன பிரயோஜனம்? மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. படுத்ததும் தூங்கிவிடுகிறவர் நான்கு, நாலரை என்று வைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் அந்த டம்ளர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இரண்டு மாற்று இருக்கிறது. ஒன்று காஃபீன் நீக்கிய காபி. 2026 ஆய்வில் இதற்கும் டிமென்ஷியாவுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பழக்கத்துக்காக, ருசிக்காகக் குடிக்கலாம். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, விலையும் கூட. மற்றது தேநீர். அமெரிக்க ஆய்வில் பலன் தெரிந்தது, பின்லாந்தில் தெரியவில்லை, ஆனால் அங்கே தேநீர் குடிப்பவர்களே குறைவு. காஃபீன் காபியைவிடக் கம்மி என்பதால் மாலைக்கு அது பரவாயில்லை, இரவுக்கு அதுவும் வேண்டாம். இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள நம்மவர்களில் நிறைய பேர் தேநீர்க்காரர்கள்தான். அவர்கள் இந்தச் செய்திகளைப் பார்த்துக் காபிக்கு மாற எந்த அவசியமும் இல்லை, சீனியையும் டின்பாலையும் குறைத்தால் போதும்.

பில்டரா, இன்ஸ்டன்டா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. வடிகட்டாத காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, அது கெட்ட கொழுப்பைக் கூட்டும். கொதிக்க வைத்த காபி குடிக்கிற நார்வேயின் துரோம்சோ ஊர் ஆய்வு 1983-லேயே காபிக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவைக் காட்டியது. காகித பில்டர் இதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், நம் பித்தளை, எவர்சில்வர் பில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. இன்ஸ்டன்டில் அது மிகக் குறைவு. கொழுப்பு அதிகம் என்று பரிசோதனையில் வந்தவர் இதை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் இரண்டு, மூன்று டம்ளருக்காக வீட்டு பில்டரைத் தூக்கிப் போட வேண்டாம்.

இதற்கு மேல் காபிக்காக நேரம் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை, ஏனென்றால் காபியைவிட நன்றாகத் தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் டிமென்ஷியாவுக்குப் பதினான்கு காரணங்களைச் சொன்னது. காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, உடல் பருமன், உடற்பயிற்சி இல்லாமை, மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறைவு, தலைக்காயம், காற்று மாசு, சின்ன வயதில் படிப்பு கிடைக்காமை. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலில் காபி இல்லை. அப்பாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு அப்படியே விட்டிருப்போம். அவரை ஒரு நாள் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, அவர் காபியில் எத்தனை அவுன்ஸ் என்று பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். கண்புரைக்கும் அப்படித்தான். நண்பர்களோடு தினமும் நடந்துபோய்க் கடையில் நின்று, சர்க்கரை இல்லாமல் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறவருக்கு அந்த நடையும் பேச்சும் காபியைவிட அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக, வீட்டில் ஏற்கெனவே இந்த நோய் வந்தவர் இருந்தால். அவர்களுக்குக் காபி மருந்தாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மருந்தாக நினைத்துக் கூடுதலாகக் கொடுக்கவும் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மாலையில் அமைதியில்லாமல் எழுந்து எழுந்து நடக்கிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் காபியைத் தவிர்த்துப் பாருங்கள். காலைக் காபியை மட்டும் அதே நேரத்தில், அதே டம்ளரில் கொடுங்கள், பழகிய ஒழுங்கு அவர்களுக்குப் பெரிய பிடிமானம். குடித்த பத்து நிமிடத்தில் ‘எனக்கு இன்னும் காபி தரவில்லையே’ என்று கேட்பார்கள். ‘இப்போதானேம்மா குடிச்சீங்க’ என்று சொன்னால் அவமானப்பட்ட மாதிரி ஆகிவிடும், சண்டையில் முடியும். அதற்கென்றே இரண்டாவது டிகாக்‌ஷனைக் கொஞ்சம் எடுத்து வைத்திருங்கள், நிறையப் பால் ஊற்றிக் கால் டம்ளர் கலந்து கொடுத்துவிடலாம்.